எல்லையோர ஊர்களில் மாணவர் ஆய்வேடு: தகுதிப்பாடும் மதிப்பீடும்
(பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தை முன்வைத்து)

முன்னுரை

முதுகலைத் தமிழ் மாணவர் தம் இறுதிப் பருவத்தில் அளிக்கும் ஆய்வேடும், இளங்கலை மாணவர் அளிக்கும் திட்டக்கட்டுரையும் இன்று தமிழ்த்துறைகளின் பாடத்திட்டத்தில் நிலைபெற்றுவிட்டன. ஆயினும் இவற்றின் தகுதிப்பாடு யாது, எவற்றிற்கு எவ்வளவு மதிப்பெண் தருவது என்னும் வினாக்கள் தேர்வுப் பிரிவின் சுற்றறிக்கைக்கு உரியனவாகக் கருதப்படுகின்றனவேயன்றி ஆய்வுப்பொருளாகக் கொள்ளப்படவில்லை. பல்கலைக்கழக நல்கைக்குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர்பட்ட நெறிமுறைகள் ஆய்வியல் நிறைஞர் படிப்பை நிறுத்தியபின் இவ்வினாவின் எடை கூடியுள்ளது. முதுகலையில் நேர்ந்த முறைக்குறைகளைக் களைந்துகொள்ள ஆய்வியல் நிறைஞர் பட்டம் முன்னர் ஓராண்டு இடந்தந்தது. இப்போது முதுகலை ஆய்வேட்டில் படிந்த பழக்கத்துடனேயே மாணவர் முனைவர்பட்ட ஆய்வுக்குள் நுழைகிறார்.

இவ்வினாவைப் பொதுநிலையில் வைத்துப் பேசினால் அறிவுரையாக முடியும். எனவே ஒரு வட்டாரம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாலராமபுரம் தொடங்கிப் பாறசாலை ஈறாக உள்ள ஊர்களின் பேச்சு, தொழில், கதைப்பாடல் ஆகியவற்றை ஒரு மாணவர் ஆய்வேட்டுப் பொருளாகக் கொண்டால் இன்றைய மதிப்பீட்டு முறை அவரை எத்திசையில் செலுத்தும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கலாகும்.

வட்டாரத்தின் இயல்பு

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிய பகுதிகளுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. மாநில எல்லை களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே விழுந்தது. ஊர்ப்பெயர்கள் இவ்வெல்லையை அறியா. களியக்காவிளை தமிழ்நாட்டிலும் இஞ்சிவிளை, அமரவிளை ஆகியன கேரளத்திலும் உள்ளன. மூன்றிலும் உள்ள ‘விளை’ தோட்டநிலத்தைக் குறிக்கும் ஒரே சொல்.

பாலராமபுரத்தின் நிலை சற்று வேறு. இஃது எல்லைக் கோட்டினால் பிரிக்கப்பட்ட ஊரன்று. குடியேற்றத்தால் தமிழ் வந்து சேர்ந்த ஊர். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மர் காலத்தில், திவான் உம்மிணித்தம்பியின் முயற்சியால், தமிழ் வழங்கும் தென்பகுதியிலிருந்து சாலியர் இங்குக் குடியமர்த்தப்பட்டனர் என்பது வழங்கிவரும் வரலாறு. ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு எனத் தெருக்கள் அமைந்தன. குழித்தறியில் நெய்யப்படும் இவ்வூர்த் துணி 2009-10ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. நெசவு நாளடைவில் சுற்றுவட்டார ஊர்களின் பிற சமூகத்தாரிடமும் பரவியது. ஆகவே ‘நெசவாளர் மொழி’ என்பதும் ‘சாலியர் மொழி’ என்பதும் இங்கு ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை உணராத ஆய்வேடு தலைப்பிலேயே பிழைபட்டதாகும்.

தெரு நெசவாளரின் பேச்சிலும் எல்லையோர வேளாண் குடியினரின் பேச்சிலும் தமிழ் எது, மலையாளம் எது என்பதே ஆய்வுக்குரிய வினா. விடை முன்கூட்டியே கையில் இருக்குமானால் அங்கு ஆய்வுக்கு வேலை இல்லை.

மதிப்பெண் செல்லும் வழி

துறைக்குத் துறை எண்கள் மாறினும் மதிப்பீட்டுத் தலைப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. தலைப்பின் பொருத்தம், இயல் பகுப்பு, மொழிநடை, மேற்கோளாட்சி, துணைநூற்பட்டியல், வாய்மொழித் தேர்வு என அவை அமையும். இவற்றுடன் குறைந்தது இத்தனை பக்கம், இத்தனை இயல் என்னும் வரையறையும் சேரும். தமிழண்ணலும் எம்.எஸ். இலக்குமணனும் எழுதிய ‘ஆய்வியல் அறிமுகம்’ முதலிய நூல்கள் தரவு, கருதுகோள், நிறுவுதல் எனப் படிப்படியாகக் கற்பித்தவற்றுள், மதிப்பெண் பட்டியலுக்கு வந்து சேர்ந்தவை புறவடிவம் சார்ந்த பகுதிகளே. காரணம் எளிது. புறவடிவத்தை அரைமணி நேரத்தில் சரிபார்த்துவிடலாம். ஒரு தரவு உண்மையில் அவ்வூரில், அவ்வாறே சொல்லப்பட்டதா என்பதைச் சரிபார்க்க மதிப்பீட்டாளரிடம் கருவி இல்லை. பின்னிணைப்பில் ‘களப்பணியில் கிடைத்த சொற்கள்’ என்று அகரவரிசையில் ஒரு பட்டியல் இருந்தால் அது களப்பணியாகவே ஏற்கப்படுகிறது.

இதனால் விளையும் கேட்டை ஒரு சொல்லைக் கொண்டு காட்டலாம்.

‘உணக்கு’ என்னும் வினை

கைத்தறி நெசவில் பாவினை நீளமாக விரித்துக் கஞ்சியிட்டு, தூரிகையால் வாரி, தெருவிலேயே காயவிடுவது ஒரு முதன்மையான பணி. இதனை விளக்கும் தகவலாளி ஒருவர் ‘உணக்கு’ என்னும் வினையை ஆள்வதாகக் கொள்ளலாம். மாணவர் இதனை மூவகையில் கையாளக்கூடும்.

முதலாவது, அதனைக் கொச்சை அல்லது மலையாளம் எனக் கருதி ‘உலர்த்து’ என்று திருத்தி எழுதுதல். மொழிநடைக்குரிய மதிப்பெண் குறையாது. ஆனால் தரவு மறைந்துவிடும். இரண்டாவது, ‘உணக்கு’ பழந்தமிழ்ச் சொல் என்பதை அகராதியில் கண்டு, சாலியர் பேச்சில் சங்கத்தமிழ் வாழ்கிறது என முடிவு கூறுதல். இது மதிப்பீட்டாளரை மகிழ்விக்கும்; ஆயினும் நிறுவப்பட்ட முடிவு ஆகாது. ஏனெனில் இவ்வினை மலையாளத்தில் அன்றாட வழக்கு. குமரி மாவட்டத் தமிழிலும் வழங்குவது. அடுத்த வீட்டு மலையாளியும் ஆளும் சொல்லைக் கொண்டு ஒருவரின் தமிழ்ப் பழமையை நிறுவ இயலாது. பாவு, ஊடு, அச்சு, விழுது, ஓடம் ஆகிய தறிச் சொற்களுக்கும் இது பொருந்தும். இரு மொழிக்கும் பொதுவான சொற்களைத் தமிழ்த்துறை மாணவர் தமிழ் என்றும் மலையாளத்துறை மாணவர் மலையாளம் என்றும் எழுதி இருவருமே உயர்ந்த மதிப்பெண் பெறுவது நடக்கக்கூடியதே.

மூன்றாவது வழியே ஆய்வு வழி. சொல்லை விட்டு அதன் ஈற்றை நோக்குதல். தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும் ஈறு பெறும். மலையாள வினைமுற்று அவ்வீற்றை இழந்துவிட்டது. ‘உணக்கினான்’ என்று தகவலாளி சொன்னாரா, ‘உணக்கி’ என்று சொல்லி முற்றாக நிறுத்தினாரா என்பதே இங்குத் தேவையான செய்தி. ஒரே தகவலாளி இரண்டையும் சொன்னார் எனின், யாரிடம் பேசும்போது எதைச் சொன்னார் என்பது அதனினும் பெரிய செய்தி. முதல் வகை மாணவர் அதனை ‘உலர்த்தினான்’ எனத் திருத்தும்போது பகுதியை மட்டும் மாற்றவில்லை. தகவலாளி சொல்லாத ஓர் ஈற்றையும் தாமே ஒட்டிவிடுகிறார். நெசவாளர் தமிழில் பேசினார் என்பதற்கு அவ்வாய்வேட்டில் உள்ள ஒரே சான்று மாணவர் சேர்த்த அந்த ‘ஆன்’ விகுதியாகவே இருக்கக்கூடும்!

தென்னாட்டுக் கதைப்பாடல்களுக்கும் இந்நெறி தேவை. ‘இரவிக்குட்டிப்பிள்ளை போர்’ போன்றவை தமிழ் நாட்டார் இலக்கியமாகத் தமிழாய்வாளர்களாலும், ‘தெக்கன் பாட்டுகள்’ என்ற பெயரில் மலையாள இலக்கிய வரலாற்றாசிரியர்களாலும் எடுத்தாளப்படுகின்றன. உள்ளூர் எஸ். பரமேசுவர ஐயரின் ‘கேரள சாகித்திய சரித்திரம்’ இவற்றிற்கு இடமளிக்கிறது. அச்சுப்படி ஒன்றை மட்டும் கொண்டு இவை எம்மொழிக்குரியன என முடிவுசெய்யும் மாணவர், பதிப்பாசிரியர் திருத்திய ஈறுகளையே பாடகரின் ஈறுகளாகக் கொள்ளும் இடர் உண்டு.

சொற்பட்டியலின் எல்லை

எல்லையோர ஊரை ஆராய்வோர்க்குப் பயன்படும் ஒப்பீடு ஒன்று உண்டு. மராட்டிய மாநிலத்தின் தென்னெல்லைப் பகுதியிலுள்ள குப்வார் என்னும் ஊரில் வழங்கும் மராத்தி, உருது, கன்னடம் ஆகியவற்றை ஜான் கம்பர்சும் ராபர்ட் வில்சனும் ஆராய்ந்து 1971இல் வெளியிட்டனர். நெடுங்காலம் அருகருகே வாழ்ந்ததால் அம்மொழிகளின் தொடரமைப்பு ஏறத்தாழ ஒன்றாகிவிட, சொற்கள் மட்டும் வேறுவேறாக நின்றன என்பது அவர்தம் முடிபு. அங்குச் சொற்பட்டியலை மட்டும் எடுத்தவர் மொழிகள் கலக்கவே இல்லை என்பார். பாலராமபுரத்தில் சொற்பட்டியலை மட்டும் எடுத்தவர் எல்லாம் ஒன்றே என்பார். குப்வாரில் வேறு குடும்ப மொழிகளும் சந்தித்தன. இங்குச் சந்திப்பன ஒரே கிளையின் மிக நெருங்கிய இரு மொழிகள். ஆகவே அங்கு இலக்கணம் மறைத்ததை இங்குச் சொற்கள் மறைக்கின்றன. இருநூறு சொற்கள் கொண்ட பின்னிணைப்பைவிட, பாவு விரிப்பது எவ்வாறு என்று ஒரு நெசவாளர் அரைமணி நேரம் தடையின்றிக் கூறியதை எழுத்துப்பெயர்த்த பத்துப் பக்கம் மேலானது. மதிப்பெண் பட்டியலோ முன்னதற்கே இடம் வைத்துள்ளது.

வினாநிரலின் தீமையும் இங்குக் குறிக்கத்தக்கது. ‘இதற்குத் தமிழில் என்ன சொல்வீர்கள்?’ என்று தமிழ்த்துறை மாணவர் கேட்டால் தகவலாளி தாம் அறிந்த பள்ளித்தமிழையோ திரைப்படத் தமிழையோ மரியாதையாக எடுத்துத் தருவார். தெருவில் சற்றுமுன் பேசிய பேச்சு அங்கு வாராது.

உரையாசிரியர் காட்டிய அளவு

திருத்தி எழுதும் பழக்கத்திற்கு மரபிலக்கணத்தின் மீது பழி போடுவது வழக்கம். நன்னூல் நூற்குற்றம் பத்தனுள் வழூஉச்சொல் புணர்த்தலை ஒன்றாக வைத்துள்ளமையால் வட்டார வழக்கு விலக்கப்படுகிறது என்பர். இக்கூற்று முழுமையானதன்று. அக்குற்றம் ஆசிரியனின் கூற்றுக்கு உரியது; அவன் எடுத்துக்காட்டும் சான்றுக்கு உரியதன்று. தொல்காப்பியம் திசைச்சொல்லைத் தனிவகையாகவே ஏற்றுள்ளது. சேனாவரையர் அதற்கு உரை வரையும்போது தாயைத் தள்ளை என்பது குட்டநாட்டு வழக்கு என்றும், நாயை ஞமலி என்பது பூழிநாட்டு வழக்கு என்றும் காட்டுகிறார். சொல், பொருள், வழங்கும் நிலம் என்னும் மூன்றும் அவ்வுரையில் உள்ளன. சொல் திருத்தப்படவில்லை. ‘தள்ள’ இன்றும் மலையாளத்தில் தாயைக் குறித்து வழங்குவதால் அக்குறிப்பைச் சரிபார்க்கவும் முடிகிறது. இன்றைய ஆய்வேட்டுப் பின்னிணைப்புகள் பலவற்றில் மூன்றாவது கூறாகிய இடம் ‘களப்பணி’ என்னும் ஒரு சொல்லுக்குள் கரைந்துவிடுகிறது. இடைக்கால உரையாசிரியர் கொண்ட அளவைக்கூட முதுகலை மதிப்பீடு கேட்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

அண்மைக்கால முன்னோடிகளும் தொலைவில் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, சொல்லொன்று நாஞ்சில் நாட்டு வழக்காயின் அதனைச் சுருக்கக் குறியீட்டால் உணர்த்திற்று. அதன் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப்பிள்ளை 1951 முதல் 1954 வரை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தார். பின்னர் அத்துறையில் பணியாற்றிய வ. அய். சுப்பிரமணியம் 1963இல் மொழியியல் துறையைத் தோற்றுவித்தார். அவர் முன்னின்று நடத்தி 1974இல் வெளியான மலையாளக் கிளைமொழி ஆய்வு, ஈழவர்-தீயர் என்னும் சமூகத்தினரின் பேச்சை மட்டும் கேரளம் முழுவதும் தொடர்ந்து பதிவு செய்தது. சமூகத்தை மாறாது நிறுத்தி இடத்தை மட்டும் மாற்றியமையால், கிடைத்த வேறுபாடு இடத்தால் நேர்ந்தது எனத் துணிய முடிந்தது. பாலராமபுரத்தில் இதனைத் திருப்பிச் செய்யலாம். இடத்தை நிறுத்தி, சாலியர் தெரு நெசவாளரையும் பிற சமூக நெசவாளரையும் ஒப்பிடலாம். ஒரு பருவத்திற்குள் முடியக்கூடிய பணி இது. தலைநகரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள ஊருக்குப் பேருந்திலேயே சென்றுவரலாம்.

எழுதுவோர் யார்

எல்லையோர ஊர்களிலிருந்து தமிழ் பயில வரும் மாணவருள் பள்ளிக்கல்வியை மலையாள வழியில் பெற்றவரும் உளர். வீட்டில் பாட்டியுடன் ஒரு பேச்சு, பள்ளியில் மலையாளம், கல்லூரியில் எழுத்துத்தமிழ் என மூன்று நிலைகளில் அவர் இயங்குகிறார். சந்திப்பிழை, ஒற்றுப்பிழை, லகர ளகர மயக்கம் ஆகியன அவர் எழுத்தில் மிகும். ‘மொழிநடை’ என்னும் தலைப்பின்கீழ் அவர் இழக்கும் மதிப்பெண் கணிசமானது. ஆனால் ‘உணக்கினான்’, ‘உணக்கி’ என்னும் இரண்டனுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காதால் பிரித்தறியும் ஆற்றல் அவருக்கு இயல்பாகவே அமைந்தது. ஒலிப்பதிவை மும்முறை கேட்டும் அதனை உணராத, எழுத்துத்தமிழில் தேர்ந்த மாணவரைவிட இவ்வாய்வுக்கு அவரே தக்கவர். மதிப்பீடு இத்தகுதியைக் காண்பதில்லை. காணாதது மட்டுமன்று, நெறியாளரிடம் திருத்தம் பெற்றுத் தரவையும் தம் நடையையும் ஒருசேரச் செந்தமிழாக்கி அளிக்குமாறு அவரைத் தூண்டுகிறது. பிழை திருத்துவோர் பணி மாணவரின் வாக்கியத்தோடு நிற்கவேண்டும். தகவலாளியின் வாக்கியத்தில் புகலாகாது. இவ்வொரு வரம்பு வகுக்கப்பட்டாலே பெரும்பகுதி சீர்ப்படும்.

எழுத்துத்தமிழில் திறமை வேண்டா என்பது இதன் கருத்தன்று. தமிழில் பட்டம் பெறுபவர் பிழையற எழுதவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. அதனை அளப்பதற்குத் தேர்வுத்தாள்கள் பல உள்ளன. ஆய்வேடு வேறொன்றை அளக்க வந்தது.

ஒப்புமை விழுக்காடு

பல்கலைக்கழக நல்கைக்குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள் கருத்துத்திருட்டை நான்கு நிலைகளாகப் பகுத்து, பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என வகுத்தன. பத்துக்கு மேல் நாற்பது வரை, நாற்பதுக்கு மேல் அறுபது வரை, அதற்கும் மேல் என ஏனைய நிலைகள் அமைந்தன. இது தேவையான ஏற்பாடே. ஆயினும் தமிழ் ஆய்வேட்டில் இவ்வெண் தரும் உறுதி குறைவு. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான ஏடுகளும், படிமமாக மட்டும் சேமிக்கப்பட்டனவும், துறை நூலக அலமாரியில் கட்டுமானத்தோடு இருப்பனவும் மென்பொருளின் கண்ணுக்கு எட்டா. அன்றியும், சொல்லாத வாக்கியத்தைத் தகவலாளி வாயில் வைத்து எழுதிய பின்னிணைப்பின் ஒப்புமை சுழியமாகவே இருக்கும்.

தகுதிப்பாடும் பகுப்பும்

பாறசாலையிலிருந்து எல்லை கடந்து சிறிது தொலைவு சென்றால் பார்த்திவசேகரபுரம் வரும். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் அங்கு நிறுவிய சாலையில் 95 மாணவர்க்கு இடம் இருந்ததைச் செப்பேடு கூறுகிறது. இலக்கணம் முதலியவற்றில் பயிற்சி உடையராதல் அவர்க்குரிய தகுதியாகச் சொல்லப்பட்டுள்ளது; ஒழுங்கு மீறினார்க்குத் தண்டமும் உண்டு. மாணவர் எதில் வல்லவராக இருத்தல் வேண்டும் என்பதே அங்குத் தகுதி. இன்றைய சுற்றறிக்கையில் தகுதி என்பது பக்க எண்ணிக்கையாகிவிட்டது.

களம் சார்ந்த ஆய்வேட்டுக்குக் கீழ்வரும் தகுதிப்பாடுகளைக் கட்டாயமாக்கலாம். குறைந்தது அரைமணி நேரத் தொடர்ப்பேச்சின் ஒலிப்பதிவும், திருத்தப்படாத எழுத்துப்பெயர்ப்பும் இணைக்கப்பட வேண்டும். தகவலாளியின் பெயர் தேவையில்லை. அவர் இசைவும், அகவை, தொழில், தெரு, பயின்ற பள்ளியின் மொழி ஆகியனவும் தேவை. இவற்றுள் இறுதியானது இவ்வட்டாரத்தில் இன்றியமையாதது. தமிழ்வழி பயின்ற முதியவரும் மலையாளவழி பயின்ற அவர் பெயரரும் ஒரே வீட்டில் ஒரே சொல்லை வேறு ஈற்றொடு கூறலாம். அச்சிலுள்ள கதைப்பாடலாயின் பதிப்பு இன்னதெனச் சுட்டி, இயலுமிடத்து ஒரு பாடகரின் வடிவத்தோடு ஒப்பிட்டுக் காட்டவேண்டும். பக்க வரையறை கீழெல்லையாக இல்லாமல் மேலெல்லையாக அமையவேண்டும். எழுத்துப்பெயர்ப்பு அதில் சேராது.

நூறு மதிப்பெண்ணில் களத்தரவுக்கு 40, தரவிலிருந்து முடிவுக்குச் சென்ற முறைக்கு 30, முன்னை ஆய்வுகளை அறிந்து பயன்கொண்டமைக்கு 15, நடைக்கும் அமைப்புக்கும் 15 எனப் பகுப்பது தகும். கருதுகோள் பொய்த்த ஆய்வேட்டுக்கு மதிப்பெண் குறைக்கலாகாது. சாலியர் தெரு இளைஞர் பேச்சில் வினைமுற்றீறு அறவே இல்லை என்று ஒரு மாணவர் கண்டு எழுதினால், அது தமிழுக்கு இழப்பான செய்தி என்பதால் ஆய்வேடும் குறைபட்டது ஆகிவிடாது. புறத்தேர்வாளர் அயலூரினர் என்பது ஒரு தடையாகக் கூறப்படும். வாய்மொழித் தேர்வில் ஒலிப்பதிவின் ஏதேனும் ஒரு பகுதியை ஓடவிட்டு, எழுத்துப்பெயர்ப்பின் அதே பக்கத்தை மாணவர் முன்னிலையில் ஒப்பிட்டால் அத்தடை நீங்கும். பத்து நிமிடம் போதும்.

மதிப்பெண் இட்டபின் ஆய்வேடு என்னாகிறது என்பது எஞ்சியுள்ள வினா. பெரும்பாலானவை அலமாரியில் அடுக்கப்பட்டு, இடம் போதாதபோது அகற்றப்படுகின்றன. இயல்களை அகற்றுவதால் பெரிய இழப்பு இல்லை எனலாம். அவற்றை மீண்டும் எழுதிவிடலாம். குழித்தறியில் ஐம்பதாண்டு அமர்ந்த ஒருவரின் அரைமணிப் பேச்சை மீண்டும் பெற இயலாது. ஆகவே ஒலிப்பதிவும் எழுத்துப்பெயர்ப்பும் தனியே பிரிக்கப்பட்டு, ஊர், ஆண்டு, தெரு என்னும் வரிசையில் துறை நூலகத்தில் சேர்க்கப்படவேண்டும். அடுத்த ஆண்டு அதே தெருவுக்குச் செல்லும் மாணவர் முதலில் அதனைக் கேட்டுவிட்டே தம் தலைப்பைப் பதிவு செய்தல் வேண்டும்.